மதம் என்ற கட்டத்தில் எழுதிய இரண்டு எழுத்து

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே மூன்று பேரும் என்னைப் பிடித்துக்கொண்டு, ராணுவ நர்சிங்குக்குத் தேர்வாகிவிட்டோம் என்று சொன்னீர்கள். “ஆன்ட்டி, நீங்க சண்டையில இருந்தவங்களாமே, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க” என்றும் கேட்டீர்கள். “நல்லா சாப்புடுங்க, பாதத்தைப் பாத்துக்குங்க, நாள் முழுக்க நிக்கணும்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

ஊசி, ட்ரிப், கட்டு இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். உங்கள் காலத்து மிஷின்களின் பேர் என் வாயில் நுழையாது. நான் படித்தது பதினோராவது, அப்புறம் நர்சிங். அவ்வளவுதான். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அது எவ்வளவு பெரிய தப்பு, அதில் நல்லது ஏதாவது நடந்ததா என்பது ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு விளங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மூன்று சாமியார்களிடம் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

எங்கள் அப்பா நம் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய்ச் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். நான் ராணுவத்துக்குப் போகிறேன் என்றதும் அம்மா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அப்பாதான் சமாதானம் செய்தார். “ஏன்டி அழுவுற? நான் வெள்ளைக்காரனுக்காகச் சுடப் போனேன். இவ சுடுபட்டவனுக்குக் கட்டுப்போடப் போறா. நம்ம வூட்டுப் பாவம் கொஞ்சம் கழியட்டும்” என்றார்.

முதல் நாளே மானம் போனது. ஒரு ஜவான் என் முன்னால் வந்து காலைத் தட்டி விறைப்பாக சல்யூட் அடித்தார். நான் கையைக் கூப்பி, “தோத்திரம்” என்று சொல்லிவிட்டேன். சாமியாரைக் கண்டால் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவர் அது ஏதோ புது உத்தரவு என்று நினைத்து அப்படியே நின்றார். இரண்டு நிமிஷம் இரண்டு பேரும் நின்றோம்.

எழுபத்தொன்றில் கிழக்கே சண்டை வந்தபோது எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். என்னை அங்கே போட்டார்கள். பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டில் போட்டிருந்தது. கரும்பலகையில் வாத்தியார் எழுதிய பாடம் அழிக்காமல் இருந்தது. ஒரு அறைக்குள் ஏழெட்டு பாஷை. ஒருவர் தண்ணீர் என்கிறார், ஒருவர் பானி என்கிறார், இன்னொருவர் சொல்வது தண்ணீரா வலியா என்றே தெரியாது. எனக்கு இந்தி நாலு வார்த்தை வரும், எழுத்து ஒன்றும் தெரியாது. யார் எந்தப் படை, எந்த ஊர், எது காலை, எது மாலை, எல்லாம் குழம்பிக் கிடந்தது.

ஒரு நாள் பிற்பகல் மூன்று லாரி நிறையக் காயம்பட்டவர்கள் வந்தார்கள். அதில் ஒருவரை என் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஜீப் கண்ணிவெடியில் ஏறிவிட்டதாம். தலையில் பலத்த அடி, முகமும் இரண்டு கையும் தீக்காயம். கண்ணோடு சேர்த்து முகத்துக்குக் கட்டுப் போட்டிருந்தது. சட்டையைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். கழுத்தில் கட்டும் அடையாளத் தகடு அறுந்து எங்கோ விழுந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் மாட்டிவிட்ட சீட்டில் எந்த நேரத்துக்கு என்ன ஊசி போட்டார்கள் என்பது மட்டும் இருந்தது. பேர் இல்லை, நம்பர் இல்லை.

நினைவு இல்லாமலே அவர் ஏதோ முனகினார். நான் குனிந்து கேட்டேன்.

“மாதா... மாதா...”

பிள்ளைகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் மாதா என்றால் ஒருத்திதான். மாதா கோயில், மாதா தேர், மாதா படம். பெற்ற தாயை நம்மில் யாரும் மாதா என்று கூப்பிடுவதில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அத்தனை பாஷைக்கு நடுவில் நம் ஆள் ஒருவர். அவர் காதோரம் அருள் நிறைந்த மரியே மந்திரத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. தாகத்தில் எல்லோருடைய உதடும் அசையும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

கட்டிலில் தொங்கும் கார்டில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். சாப்பாட்டுக்காகவும், இறந்துபோனால் புதைப்பதா எரிப்பதா என்பதற்காகவும். அதில் ஆங்கிலத்தில் ஆர்.சி. என்று எழுதினேன். ரோமன் கத்தோலிக்கர்.

வார்டில் ஒரு ஹவில்தார் இருந்தார். ஆரணிப் பக்கத்துக்காரர், வார்டு எழுத்து வேலையெல்லாம் அவர்தான் பார்ப்பார். நான் ஆபீசர், அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆள் இருக்கும்போது அவரை ஹவில்தார் என்பேன், இல்லாதபோது அண்ணே என்பேன். அவர் கார்டைப் பார்த்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். கட்டுக்குக் கீழே கழுத்தும் மார்பும் தெரிந்தன.

“இவ்ளோ செவப்பா நம்ம பக்கத்து ஆளா மேடம்?”

“ஏன், எங்க ஊர்ல செவப்பா ஆள் இல்லையா? வெள்ளைக்காரத் தெருன்னே ஒண்ணு இருக்கு அண்ணே.”

“அதான பாத்தேன். உங்க ஊர்ல மாடுகூட பிரெஞ்சுலதான் கத்துமாம்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

மாலைக்குள் ராணுவச் சாமியாரை அழைத்துவந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுக்க வைத்தேன். கோவாக்காரர், பாவம், நாலு நாளாகத் தூங்கவில்லை. என் ஒரு வார்த்தையை நம்பித்தான் எண்ணெய் பூசினார்.

மறுநாள் காலை அவருக்குக் கட்டு மாற்றினேன். இடது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. அதை விலக்கியபோது, முழங்கைக்கு மேலே உள்பக்கத்தில் பச்சை குத்தியிருந்தது தெரிந்தது. இந்தி எழுத்து. மேலே ஒரு கோடு இழுத்து அதில் தொங்குகிற மாதிரி இருக்குமே, அது. ஒரு சொல்லா இரண்டு சொல்லா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்து ஆள் எதற்கு இந்தியில் பச்சை குத்திக்கொள்கிறார்? உடனே நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். வடக்கே ரொம்ப நாள் இருந்திருப்பார். சிநேகிதர்களோடு சந்தைக்குப் போய் விளையாட்டாகக் குத்திக்கொண்டிருப்பார். பட்டாளத்தின் பேராக இருக்கும். இப்படி ஐந்தாறு காரணம். யாரையாவது கூப்பிட்டு “இது என்ன?” என்று கேட்பதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். கேட்டால் சாமியாரிடம் என்ன சொல்வது, ஹவில்தார் என்ன கேலி செய்வார் என்று பயமாக இருந்தது. கட்டைப் போட்டு மூடிவிட்டேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் ஹவில்தார் ஒரு தாளோடு வந்தார்.

“மேடம், அந்த ஜீப்புல போனது ரெண்டே பேராம். ஒருத்தர் அங்கயே முடிஞ்சிட்டார், முழுக்க எரிஞ்சிட்டதால யாருன்னு சொல்ல முடியல. ரெண்டு பேரோட பேரும் குடுத்திருக்காங்க. ஓட்டினவர் அந்தோணிசாமி, தென்னாற்காடு ஜில்லா, கடலூர் பக்கம். கூடப் போனவர் தேவி சிங், வடக்க மலைப் பக்கம். நம்மகிட்ட இருக்கறது யாருன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க.”

தாளை வாங்கி இரண்டு பெயரையும் நானே படித்தேன்.

“ஆர்.சி.ன்னு எழுதியிருக்கீங்க. உறுதிதான?”

“அவரே மாதாவைக் கூப்பிட்டார் அண்ணே.”

“அப்ப அந்தோணிசாமிதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைகளே, நீங்கள் நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். கார்டில் முதல் நாள் எழுதியது அவசரத்தில் செய்த தப்பு. அதை மாதா மன்னிப்பாள். பச்சையைப் பார்த்த பிறகும், ஒருவர் நேரில் நின்று உறுதிதானா என்று கேட்டபோது அப்படிச் சொன்னேனே, அது வேறு. நான் பொய் சொல்லவில்லை. அவர் மாதாவைக் கூப்பிட்டது நிஜம். நிஜத்தைச் சொல்லியே ஒரு ஆளை ஏமாற்ற முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலு மணிக்கு மேல் தாங்கமாட்டாமல் ஹவில்தாரைக் கூப்பிட்டேன். கட்டை விலக்கிக் காட்டினேன்.

அவர் குனிந்து எழுத்துக் கூட்டினார். “ஜெய்... மாதா.”

“அப்படின்னா நம்ம மாதாதான அண்ணே?” என்று கேட்டேன்.

அவர் கேலி செய்யவில்லை. “இல்ல மேடம். வடக்க அம்மனை மாதான்னுதான் சொல்லுவாங்க. மலை மேல இருக்கற அம்மன். நம்ம மாரியம்மா மாதிரி வச்சுக்குங்களேன். பெத்த தாயையும் மாதான்னு சொல்லுவாங்க.”

“ஆபீஸ்ல சொல்லிடலாம் அண்ணே. இப்பவே.”

“தந்தி மத்தியானமே போயிடுச்சு மேடம். அந்தோணிசாமி வூட்டுக்கு, கவலைக்கிடம்னு. தேவி சிங் வூட்டுக்கு இன்னும் அனுப்பல.”

மேட்ரனிடம் ஓடினேன். மலையாளத்துக்காரர், மேஜர். எதிரே நின்றால் வார்டே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நடந்ததைச் சொன்னேன், பச்சையை முதலிலேயே பார்த்ததையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. கார்டை வாங்கி, ஆர்.சி.யை ஒரே கோட்டால் அடித்து, தெரியவில்லை என்று எழுதி, என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்.

“மோளே, ஒரு கட்டம் காலியாக் கிடந்தா பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். அசிங்கமாவே இருக்கட்டும். நீ அதை உன் ஆசையால ரொப்பாதே” என்றார்.

என்னைக் கமாண்டிங் ஆபீசரிடம் அழைத்துப் போனார். அவரோ இன்னொரு தந்தி உடனே அனுப்ப மறுத்துவிட்டார். “பச்சை குத்தியது பேர் இல்லை. அதை வைத்து ஒரு தாய்க்கு உன் மகன் செத்தான் என்று எப்படி எழுதுவது? அதுவும் தப்பாகிப் போனால்? அவர்கள் படை முன்னேறிப் போய்விட்டது. யாராவது வந்து அடையாளம் சொல்லட்டும், அல்லது இவரே வாய் திறக்கட்டும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு எது நியாயம் என்றே பிடிபடவில்லை.

எட்டு நாள். அந்த எட்டு நாளை எப்படிச் சொல்வேன். ஜெபமாலையை எடுப்பேன். யாருக்காக வேண்டுவது? கட்டிலில் இருப்பவர் அந்தோணிசாமியாக இருக்கட்டும் என்று வேண்டினால், மலைப் பக்கத்தில் ஒரு தாயின் பிள்ளையைச் சாகடிக்கிறேன். தேவி சிங்காக இருக்கட்டும் என்றால் கடலூர்ப் பக்கத்துத் தாய். இரண்டில் ஒருவர் ஏற்கெனவே போய்விட்டார், என் ஜெபம் அதை மாற்றாது என்று புத்தி சொல்லும். மனசு கேட்காது. கடைசியில் மணிகளை உருட்டிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பேன். எண்ணெய் பூசிய ஆள் நம்மவர் இல்லாமல் இருக்கலாம் என்று சாமியாரிடம் சொன்னபோது அவர், “எண்ணெய் வீணாகாது” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது. ஹவில்தார் பேர் கேட்டார். தேவி சிங் என்றார். பிறகு அவராகவே, வண்டி ஓட்டியவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். ஹவில்தார் குனிந்து அவர் போர்வையைச் சரிசெய்தார். தேவி சிங் மெல்லப் பேசினார், ஹவில்தார் எனக்குத் தமிழில் சொன்னார்.

“வண்டி கவுந்ததும் ஓட்டினவர் மாதா மாதான்னு கூப்பிட்டாராம் மேடம். மதராசி நம்ம அம்மனைக் கூப்புடறாரேன்னு இவரும் சேந்து கூப்பிட்டாராம். அப்புறம் அவர் சத்தம் நின்னுடுச்சாம். இவர் நிறுத்தலையாம்.”

நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். அப்படியானால் அவர் முனகலில் நான் நம் மாதாவைக் கேட்டது சரியா, தப்பா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இரண்டாவது தந்தி அன்றே போனது. தேவி சிங்கைக் கண் கட்டோடேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மேட்ரன் என்னிடம், “தந்தி ஆபீஸ் வேலை. உன் வேலை முடியலை. லீவுல போகும்போது அந்த அம்மாவைப் பார்த்துட்டு வா” என்றார்.

மே மாதம் லீவு கிடைத்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பஸ் ஏறி, கடலூரில் இறங்கி வேறு பஸ் மாறி, அந்த ஊருக்குப் போனேன். முந்திரிக்காடு சூழ்ந்த ஊர். அந்தோணிசாமியின் அம்மா வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விரல் எல்லாம் கொட்டை எண்ணெய் ஏறிக் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. தலையில் முக்காடு.

“யாரும்மா நீ?”

“ராணுவ ஆஸ்பத்திரி நர்சும்மா. புதுச்சேரி.”

“குந்து” என்றார். கொட்டையைத் தள்ளி இடம் விட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பச்சையைப் பார்த்தும் மூடியதைச் சொன்னேன். அவருடைய மகன் மாதாவைக் கூப்பிட்டதையும், பக்கத்தில் இருந்தவர் சேர்ந்து கூப்பிட்டதையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. ஒவ்வொரு கொட்டையாக உடைத்துக்கொண்டே கேட்டார். சொல்லி முடித்ததும் முக்காட்டை எடுத்தார். தலையில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் முடி. பாதி நரை.

“மொதத் தந்தி வந்துச்சி. புள்ள கவலைக்கிடமா இருக்கான்னு. அன்னிக்கே வேளாங்கண்ணிக்குப் போனேன். மொட்டை போட்டேன். புள்ளையக் குடுத்துடு, வேற ஒண்ணும் வேணாம்னேன். திரும்பி வந்து அஞ்சாம் நாளு ரெண்டாந்தந்தி.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் குடுத்த முடி யாருக்குப் போச்சு? நீயே சொல்லு. செத்தவனுக்கா போட்டுக்கினேன்?”

“தெரியலம்மா.”

“கட்டில்ல கிடந்தவன் பொழைச்சிட்டான் இல்ல?”

“பொழைச்சிட்டார்.”

“டாக்டருங்க என்னா சொன்னாங்க? பொழைப்பான்னாங்களா?”

“முதல்ல சொல்லலம்மா. முதல் மூணு நாள் யாரும் சொல்லல.”

அவர் கொட்டையைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

“உன்னை மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு வந்தியா?”

“அப்படி இல்லம்மா.”

“நல்லது. என்னால ஆவாது. உன்னால எட்டு நாளு எம்புள்ள உசுரோட இருந்தான். அது நல்லதா கெட்டதான்னு எனக்கே புரியல. எழுதத் தெரியுமில்ல? ஒரு கடுதாசி எழுது. அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு.”

கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். தமிழில் எழுதி ஆரணி ஹவில்தாருக்கு அனுப்பினால் இந்தியில் எழுதித் தேவி சிங் வீட்டுக்குச் சேர்த்துவிடுவார் என்றேன். அந்தம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். உங்கள் மகனுக்காக நான் நேர்ந்துகொண்டேன், தெரியாமல்தான் செய்தேன், ஆனாலும் முடியைக் கொடுத்தாகிவிட்டது, நீங்கள் மறுபடி எதையும் கொடுக்க வேண்டாம் என்று. ஒரு பக்கம் நிறைந்தது.

“படி” என்றார். படித்தேன்.

“முடியைப் பத்தி எழுதினத அடிச்சிடு.”

“ஏம்மா?”

“அது எனக்கும் மாதாவுக்கும் உள்ளது. அவங்களுக்குத் தெரிஞ்சா புள்ளையப் பாக்கறப்பல்லாம் என் தலை ஞாபகம் வரும். அவங்க புள்ளைய அவங்க நிம்மதியா வச்சிக்கட்டும்.”

அடித்தேன். அடிக்க அடிக்கக் கடிதத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. வேறு தாள் எடுத்து அவரைப் பார்த்தேன். அவர் உடைத்த பருப்பில் ஒரு கை அள்ளி, என் கையில் வைத்துச் சாப்பிடச் சொன்னார். பிறகு, “கண்ணு கட்டியிருந்துதுன்னு சொன்னியே, தெரியுதான்னு கேளு. அது போதும்” என்றார்.

நான் எழுதினேன். ‘உங்கள் மகனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா?’ பதில் வந்தால் அவருக்கே வரட்டும் என்று, கீழே அந்த முந்திரிக்காட்டு ஊரின் விலாசத்தை எழுதி, அந்தோணிசாமியின் அம்மா என்று போட்டேன்.